அபின் குடும்பத்து வலிநிவாரணிகளும் இதயத்தின் தாளமும்

டூட்டிங்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிளக்ஷோ வீதியிலுள்ள சென். ஜோர்ஜ் மருத்துவமனை அந்நியமான இடமன்று. எம் பிள்ளைகளுட் பலர் அங்கே பிறந்தவர்கள். எம் முதியோருட் பலர் நெஞ்சு நோகிறதென்று நள்ளிரவில் அம்புலன்சில் ஏறி அங்கே சென்றவர்கள். அவ்வாறு சென்று திரும்பியவர்களின் வீட்டார் எம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. "நோவுக்கு ஊசி போட்டார்கள், நோவும் நின்றுவிட்டது. பிறகு எதற்காக நெஞ்சிலே கம்பிகளை ஒட்டி மணிக்கணக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?"

வினா நியாயமானது. நாம் மருத்துவர் அல்லோம். ஊரிலே வகுப்பறையில் நின்று விஞ்ஞானம் கற்பித்த பழக்கம் இன்னும் விடவில்லை. ஆதலால் இவ்வினாவுக்கு விடையை எம் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் விளங்குமாறு எழுத முற்படுகின்றோம். எவரும் இதனைப் படித்துவிட்டுத் தாம் எடுக்கும் மருந்தைத் தாமாகவே நிறுத்தவோ கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்.

தமிழகத்துச் சமையலிலே குருமாவுக்கு அரைத்துச் சேர்க்கும் வெண்ணிறக் கசகசாவைப் பலரும் அறிவர். (எங்கள் ஊரிற் சர்பத்துக்கு ஊறவைக்கும் கறுப்பு விதைக்கும் அதே பெயர் வழங்குகிறது, அது துளசி இனத்து விதை, வேறொன்று.) அந்த வெண்ணிற விதையைத் தரும் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலே உலர்ந்து அபின் ஆகின்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியிலே பிரீட்றிக் சேர்ட்டூர்னர் என்ற இளம் மருந்தாளர் அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்து, கிரேக்கரின் கனவுத் தெய்வமான மோர்பியசின் பெயரால் அழைத்தார். அதுவே மோர்பின். 1832இல் அதே அபினிலிருந்து கொடீன் பிரிக்கப்பட்டது. பின்னர் ஆய்வுகூடங்களிலே பெத்திடின், மெதடோன், பென்டனில், ட்ரமடோல் முதலியன பிறந்தன. இவை யாவற்றையும் ஒருங்கே ஓபியொயிட் என்று வழங்குவர்.

மூளையிலும் முண்ணாணிலும் இம்மருந்துகள் சென்று பொருந்தும் வாங்கிகள் உள்ளன. பூட்டிலே திறப்பு பொருந்துவதுபோல மருந்து பொருந்தியதும் நோவின் செய்தி மங்கிவிடுகின்றது. இந்த வேலையில் எல்லா ஓபியொயிட்டுகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்றவை. ஆனால் முகச்சாயல் ஒன்றாயிருந்தாலும் குணம் வேறாயிருக்கும் சகோதரரை நாம் பார்த்ததில்லையா? இதயத்தோடு பழகும் விதத்தில் இம்மருந்துகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. ஒன்று துடிப்பை மெதுவாக்கும், ஒன்று விரைவாக்கும், ஒன்று தாளத்தையே குலைக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் மருத்துவர் கவலைப்படுவது இந்த வேறுபாட்டைப் பற்றியே.

இதயம் மின்சாரத்தால் இயங்குவது. வலச் சோணையறையின் மேற்பக்கத்திலே குடாச்சோணைக் கணு என்னும் சிறு இழையத் திரள் உள்ளது. ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவரில் அது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை மின் துடிப்பொன்றை எழுப்பும். அத்துடிப்பு சோணையறைகளிற் பரவி, நடுவிலுள்ள மற்றொரு கணுவிற் சற்றே தாமதித்து, பின்பு இதயவறைகளுக்கு இறங்கும். இதயத் தசைக் கலங்களின் மென்சவ்விலே நுண்ணிய வாயில்கள் உண்டு. சோடியம் அயன்கள் ஒரு வாயிலால் உள்ளே பாயும்போது துடிப்பு பரவுகின்றது. பொற்றாசியம் அயன்கள் வேறொரு வாயிலால் வெளியேறும்போது கலம் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகின்றது. சோடிய வாயில், பொற்றாசிய வாயில் என்ற இரண்டையும் மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னால் வரும் கதை முழுவதும் இவ்விரண்டைச் சுற்றியதே.

இந்த மின்சாரத்தை மனித உடலின் மேற்பரப்பிலிருந்து முதன்முதலாகப் பதிவு செய்த இடமும் எமது இலண்டன் மாநகரே. 1887இல் பட்டிங்டனிலுள்ள சென். மேரிஸ் மருத்துவமனையிலே ஒகஸ்டஸ் வோலர் என்பவர் அதனைச் செய்தார். அவர் வளர்த்த ஜிம்மி என்னும் புல்டோக் நாய் உப்புநீர்ப் பாத்திரங்களிலே காலை வைத்துக்கொண்டு பொறுமையாக நிற்க, அதன் இதயத் துடிப்பைச் சபையோர்க்குக் காட்டுவாராம். 1909இல் இது விலங்குவதை ஆகுமா என்று பாராளுமன்றத்திற் கேள்வி எழுந்தது என்றால் ஜிம்மியின் புகழை அறியலாம்.

இன்று அதே பதிவை ஈ.சீ.ஜி. என்கிறோம். அந்தத் தாளைப் பார்த்தால் சின்னஞ்சிறு சதுரங்கள் தெரியும். தாள் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் வேகத்தில் நகரும். ஒரு சிறு சதுரம் 1 மில்லிமீற்றர்; ஆகவே ஒரு சதுரம் 40 மில்லிசெக்கன். நடுவிலே ஊசிபோல் எழுந்து விழும் பகுதியைக் கியூ.ஆர்.எஸ். என்பர். சோடிய வாயில் நன்றாகத் திறந்தால் அது மூன்று சதுரத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஊசி தொடங்குமிடத்திலிருந்து பின்னால் வரும் மேடு முடியுமிடம் வரையுள்ள நேரம் கியூ.ரி. எனப்படும். பொற்றாசிய வாயில் தன் வேலையை முடிக்க எடுத்த நேரத்தை அது காட்டும்.

இதயம் மெதுவாகத் துடித்தால் கியூ.ரி. இயல்பாகவே நீளும், விரைந்தால் குறுகும். ஆகவே அளந்த எண்ணை அப்படியே ஒப்பிடல் ஆகாது. 1920இல் பசெட் என்ற ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் ஒரு வழி சொன்னார். கியூ.ரி. நேரத்தை, இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தின் (செக்கனில்) வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும் என்பதே அவ்வழி. க.பொ.த. மாணவர் செய்து பார்க்கட்டும். நிமிடத்துக்கு 50 துடிப்பு உள்ளவரின் கியூ.ரி. 480 மில்லிசெக்கன் என்க. இடைநேரம் 1.2 செக்கன், அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1.095, விடை 438. நிமிடத்துக்கு 100 துடிப்பு உள்ளவரின் கியூ.ரி. 360 என்க. இடைநேரம் 0.6; வர்க்கமூலம் 0.775, விடை 465. பார்வைக்குக் குறுகியது உண்மையில் நீண்டதாயிற்று! திருத்திய எண் ஆண்களில் 450க்கும் பெண்களில் 460க்கும் உட்பட்டிருப்பது பொதுவாக இயல்பு. 500ஐத் தாண்டினால் மருத்துவர் முகம் மாறும்.

இனி மருந்துகளுக்கு வருவோம்.

மோர்பின் நோவைத் தணிக்கும்போது அச்சத்தையும் தணிக்கின்றது. அச்சம் தணிய அதிரினலின் குறைகின்றது. படபடவென்று அடித்த இதயம் ஆறுதல் அடைகின்றது. அத்தோடு அது மூளையின் அடிப்பகுதியிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பையும் தூண்டுகின்றது. வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போன்றது. அது இறுகினால் துடிப்பு மெதுவாகும். மோர்பின் உடலில் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளிவிடச் செய்வதால் குருதிக் குழாய்கள் விரிந்து குருதி அமுக்கமும் இறங்கலாம். பெரும்பாலானோரில் இவை தொல்லை தருவதில்லை. ஆனால் இதயத்தின் கீழ்ப்பகுதியிலே மாரடைப்பு ஏற்பட்டவருக்கு நாடி முன்னரே மெதுவாகியிருக்கும். அவருக்கு மோர்பின் கொடுப்பவர் சிறிது சிறிதாக ஏற்றி, திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நாடி மிகவும் இறங்கினால் கொடுப்பதற்கு அத்திரோப்பின் அருகிலே இருக்கும். சோடிய, பொற்றாசிய வாயில்களைப் பொறுத்தமட்டில், சிகிச்சைக்குரிய அளவில் மோர்பின் குறிப்பிடத்தக்க தீங்கு செய்வதில்லை.

பென்டனில் 1960இல் பெல்ஜியத்திலே போல் ஜான்சன் என்பவர் ஆக்கியது. மோர்பினைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வலியது. ஆதலால் மில்லிகிராமில் அன்றி மைக்கிரோகிராமிலேயே அளக்கப்படும். ஹிஸ்டமினை அது வெளிவிடாதபடியால் குருதி அமுக்கம் ஓரளவு நிலைத்து நிற்கும். நாடியை மட்டும் மெதுவாக்கும்.

பெத்திடின் இதற்கு நேர்மாறு. எம் தாய்மாருட் பலர் பிரசவ அறையில் இதனை ஊசியாகப் பெற்றிருப்பர். 1939இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள் அத்திரோப்பினைப் போன்று வயிற்றுப் பிடிப்பைத் தளர்த்தும் மருந்தொன்றைத் தேடும்போது இது கிடைத்தது. நோவையும் தீர்க்கும் என்பது பின்னரே தெரிந்தது. அத்திரோப்பின் என்பது ஊமத்தையிலும் உள்ள பொருள். ஊமத்தங்காய் தின்றவனுக்கு வாய் உலர்ந்து நெஞ்சு படபடக்கும் என்று ஊரிற் கேட்டிருப்போம். அந்தச் சாயல் பெத்திடினிலும் இருப்பதால் அது நாடியை விரைவாக்கக்கூடும். விரைந்து துடிக்கும் இதயத்துக்கு அதிக ஒட்சிசன் வேண்டும். மாரடைப்பு வந்தவருக்கு மருத்துவர் பெத்திடினை நாடாமைக்கு இது ஒரு காரணம்.

அடுத்தது மாணவர் பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம். ஓபியொயிட் அளவு மிஞ்சி ஒருவர் இறந்தால், மருந்து இதயத்தை நேரே நிறுத்திவிட்டது என்று எண்ணுவோம். பெரும்பாலும் நடப்பது அவ்வாறன்று. மருந்து முதலில் மூளையின் சுவாச மையத்தை உறங்க வைக்கின்றது. மூச்சு மெதுவாகி, ஆழம் குன்றி, நின்றுவிடும். ஒட்சிசன் குறையக் குறைய இதயம் தளர்ந்து, நாடி இறங்கி, இறுதியிலேதான் நிற்கும். ஆதலால் வைத்தியசாலையில் முதல் வேலை மூச்சுக் கொடுப்பதே. அதனோடு நலொக்சோன் என்னும் மாற்று மருந்து ஏற்றப்படும். அது வாங்கியிலே இருக்கும் ஓபியொயிட்டைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். ஓரிரு நிமிடங்களில் நோயாளி கண்விழிப்பார். பார்ப்பவர்க்கு அற்புதம் போலத் தோன்றும்.

ஆனால் நலொக்சோனின் பாதிவலு ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே. மெதடோன் போன்றவை ஒரு நாளுக்கு மேலும் உடலிற் தங்கும். காவற்காரன் முதலிற் களைத்துப் போக, கள்வன் மறுபடியும் உள்ளே வருவான். கண்விழித்தவர் "எனக்குச் சுகம், வீட்டுக்குப் போகிறேன்" என்று எழும்பினாலும் தாதியர் விடாமைக்குக் காரணம் இதுவே. நீண்டகாலம் ஓபியொயிட்டுக்குப் பழகிய உடலிலே நலொக்சோனை ஒரேயடியாக ஏற்றுவதும் ஆபத்து. அடக்கப்பட்டிருந்த அதிரினலின் வெள்ளம்போற் பாய்ந்து நாடியைக் குழப்பலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம். அதனாலே சிறு சிறு அளவாகக் கொடுக்கின்றனர்.

மேற்சொன்னவை நரம்பின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் இதயத்தைத் தொடுபவை. இதயக் கலத்தின் வாயில்களையே நேராகப் பிடிக்கும் ஓபியொயிட்டுகளும் உள. அவற்றுள் இந்நாட்டவர் மறக்கமுடியாத ஒன்று கோ-புரொக்சமோல்.

டிஸ்டல்ஜெசிக் என்ற பெயரிலும் விற்கப்பட்ட இக்குளிசை பல்லாண்டுகளாகப் பிரித்தானியாவில் முதுகு நோவுக்கும் மூட்டு வாதத்துக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டது. ஒரு குளிசையில் 325 மில்லிகிராம் பரசிற்றமோலும் 32.5 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரோபுரொப்பொக்சிபீன் என்ற ஓபியொயிட்டும் இருந்தன. பெயரைச் சொல்லவே நாவு சுளுக்கும், தீங்கும் அதற்கேற்றதே. இந்த ஓபியொயிட்டும், ஈரல் அதனை உடைத்து உண்டாக்கும் பொருளும் சோடிய வாயிலை அடைத்தன. ஈ.சீ.ஜி.யில் ஊசி மூன்று சதுரத்தைத் தாண்டி அகன்றது. நலொக்சோன் ஏற்றினால் மூச்சு திரும்பும். ஆனால் சோடிய வாயிலுக்கும் நலொக்சோனுக்கும் சம்பந்தமில்லை, அது அடைபட்டபடியே இருக்கும். அதற்குச் சோடியம் இருகாபனேற்றுக் கரைசலை நாளத்தில் ஏற்றவேண்டும். பரிதாபம் என்னவெனில், பலர் வைத்தியசாலை வாயிலை அடையுமுன்னரே இறந்தனர். சிகிச்சை அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி அத்துணை சிறிது. மதுவும் சேர்ந்தால் இன்னும் சிறிது. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டுதோறும் 300 முதல் 400 பேர் வரை இக்குளிசையால் உயிர் துறந்தனர். அவர்களுள் ஏறத்தாழ ஐந்திலொருவர் தவறுதலாக மிகையாக உட்கொண்டவர்.

2005 ஜனவரியில் இந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இதனைப் படிப்படியாக நீக்குவதாக அறிவித்தனர். 2007 முடிவில் அதன் அனுமதிப்பத்திரங்கள் இரத்தாயின. 2009இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் எல்லா உறுப்பு நாடுகளிலும் நீக்குமாறு பரிந்துரைத்தது. 2010 நவம்பரில் ஐக்கிய அமெரிக்காவிலும் இது சந்தையிலிருந்து போயிற்று. வழக்கமான அளவிற்கூட இதயத்தின் மின்பதிவு மாறுகின்றது என்று ஆரோக்கியமான தொண்டர்களிற் செய்த ஆய்வு காட்டியதே அங்கு முடிவுக்குக் காரணமாயிற்று. இந்தியா 2013 மேயில் தடை விதித்தது. தமிழகத்துக்குப் போய்வந்தோர் புரொக்சிவோன் என்ற பெயரைக் கேட்டிருப்பர். அதுவும் இதே மருந்துதான். ஐம்பதாண்டு காலம் "சாதாரண நோக்குளிசை" என்று எண்ணப்பட்டது எத்தகையது என்று அறிய உலகுக்கு இவ்வளவு காலம் சென்றது. வீட்டில் எவரேனும் பழைய பெட்டியில் இதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் அருகிலுள்ள பாமசியில் ஒப்படைக்கலாம். பழைய மருந்துகளை அவர்கள் பெற்றுக்கொள்வர்.

சோடிய வாயிலைப் பிடித்தது அது. பொற்றாசிய வாயிலைப் பிடிப்பது மெதடோன். ஹெரோயினுக்கு அடிமையானோரை மீட்கவும், சில வேளைகளிற் கடும் புற்றுநோய் நோவுக்கும் இது கொடுக்கப்படுகின்றது. பல்லாயிரம் உயிர்களைக் காத்த மருந்து என்பதில் ஐயமில்லை. 2002இல் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மோரி கிரான்ற்ஸ் என்ற இதய மருத்துவரும் பிறரும், மிக உயர்ந்த அளவில் மெதடோன் எடுத்த 17 பேரில் ஆபத்தான தாளக் குழப்பம் ஏற்பட்டதை வெளியிட்டனர். பொற்றாசிய வாயில் அடைபடக் கியூ.ரி. நீள்கின்றது. நீண்ட அந்த இடைவெளியிலே வேளைகெட்ட துடிப்பொன்று விழுந்தால், இதயவறை நிமிடத்துக்கு இருநூறுக்கு மேற்பட்ட வேகத்திற் பதறத் தொடங்கும். தாளிலே பார்த்தால் கோயில் வீதியிற் கட்டிய கடதாசித் தோரணத்தை முறுக்கிவிட்டதுபோல அலைகள் பெருத்துச் சிறுத்துப் புரண்டு செல்லும். 1966இல் பிரெஞ்சு மருத்துவர் டெசர்ட்டென் இதனைக் கண்டு "முனைகளின் முறுக்கு" என்ற பொருளில் டொர்சாட் டி புவான்ட் எனப் பெயரிட்டார். அந்த நேரத்தில் இதயம் துடிக்கின்றதேயன்றிக் குருதியை அனுப்புவதில்லை. நோயாளி திடீரென மயங்கி விழுவார். சில செக்கன்களில் அது தானே அடங்கினால் எழுந்து, "ஒன்றுமில்லை, தலை சுற்றியது" என்பார். அடங்காவிட்டால் உயிர் போகும்.

இதற்கு முதன்மையான சிகிச்சை மக்னீசியம் சல்பேற்றை நாளத்தில் ஏற்றுவது. இரசாயனம் படிக்கும் மாணவர் இப்பொருளை எப்சம் உப்பு என அறிவர். டூட்டிங்கிற்குத் தென்மேற்கே உள்ள எப்சம் ஊரின் கிணற்று நீரிலேதான் 17ஆம் நூற்றாண்டில் இது கண்டறியப்பட்டது! (உப்பை வாங்கிக் குடிக்கலாமா என்று ஒரு தாத்தா கேட்டார். கூடாது. ஊசி மருந்தாகத் தூய்மை செய்யப்பட்டது வேறு, குளிக்கும் நீரிற் போடுவது வேறு.) அதனோடு குருதியின் பொற்றாசியத்தையும் சீர்செய்வர். வயிற்றோட்டத்தாலும் வாந்தியாலும் பொற்றாசியமும் மக்னீசியமும் குறைந்தவருக்கு இவ்வாபத்து கூடுதல்.

மருந்துகளால் கியூ.ரி. நீள்வது பற்றிய அறிவு வளர்ந்த இடங்களுள் எமது சென். ஜோர்ஜும் ஒன்று என்பதை ஈண்டுக் குறிப்பிடல் தகும். அங்கே நெடுங்காலம் இதயவியற் பேராசிரியராக விளங்கிய ஜோன் கேம், மரெக் மலிக் முதலியோருடன் இணைந்து இப்பொருள் பற்றி 2004இல் நூலொன்றே வெளியிட்டார்.

பெற்றோர் சிலர், "எங்கள் வீட்டிலே மெதடோனும் இல்லை, ஹெரோயினும் இல்லை, எமக்கெதற்கு இது?" என்று கேட்கலாம். வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வயிற்றோட்டத்துக்கு எடுக்கும் லோபெரமைட், இமோடியம் என்ற பெயரில் எந்தக் கடையிலும் கிடைப்பது, அதுவும் ஓபியொயிட்டே. சரியான அளவிற் குடலோடு நின்றுவிடும். அளவை மிகப் பன்மடங்கு மீறினால் இதயத்தின் வாயில்களை அடைக்கும் என்று 2016இல் அமெரிக்காவிலும் 2017இல் இங்கும் எச்சரிக்கை வெளியானது. வாந்திக்குக் கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவினர் கொண்டுவரும் டொம்பெரிடோன் ஓபியொயிட் அன்று, ஆயினும் கியூ.ரி.யை நீட்டும். அதனாலேயே 2014இல் இந்நாட்டில் மருத்துவரின் சிட்டையின்றி விற்பது நிறுத்தப்பட்டது. எரித்திரோமைசின், கிளாரித்திரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில குளிசைகளும் அத்தன்மையன. ஒவ்வொன்றும் தனியாகச் சிறு தள்ளு. இரண்டு மூன்று சேரும்போது வண்டி குடைசாயும். அவசர சிகிச்சைப் பிரிவிலே ஓபியொயிட் கொடுத்தால் பலருக்கு வாந்தி வரும். வாந்திக்கு எதைக் கொடுப்பது என்று மருத்துவர் தெரிவு செய்யும்போது, நோயாளி காலையில் எதை விழுங்கினார் என்பது அவருக்குத் தெரியவேண்டும். ஊரிலிருந்து வந்த குளிசை எந்தக் கணினியிலும் பதிவாகியிருக்காது. அதைச் சொல்லக்கூடியவர் வீட்டார் மட்டுமே.

மாரடைப்பிலே மோர்பின் பற்றிய கருத்தும் அண்மைக்காலத்திற் சற்று மாறியுள்ளது. மோர்பின் குடலை மந்தப்படுத்தும். ஆகவே அதனோடு வாயால் விழுங்கும், குருதி உறைவதைத் தடுக்கும் குளிசை குருதியிற் சேர்வது தாமதமாகும். போலந்திலே 70 நோயாளிகளிற் செய்து 2016இல் வெளியான ஆய்வொன்றில், மோர்பின் பெற்றவர்களின் குருதியில் அக்குளிசையின் அளவு மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்திருந்தது. 2017இல் ஐரோப்பிய இதயவியற் சங்கம் தன் வழிகாட்டலில் ஓபியொயிட் பற்றிய பரிந்துரையின் வலுவை ஒருபடி இறக்கியது. நோ கடுமையாயின் கொடுக்கத்தான் வேண்டும்; நோ இல்லாதவருக்கு வழக்கத்துக்காகக் கொடுப்பதில்லை. தெற்காசியருக்கு இதயக் குருதிக்குழாய் நோய் இந்நாட்டின் மற்றையோரைவிட அதிகமாகவும் இளம் வயதிலும் வருவதால், இது எமக்குத் தொலைவான செய்தியன்று.

ஆகவே நோவின் அளவை மருத்துவர் கேட்பது சம்பிரதாயத்துக்காக அன்று. ஆனால் எம்மவர் நிலை என்ன? "பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார் அப்பா. அம்மம்மாவோ "நோ, நோ" என்பார். அவர் நோகின்றது என்கிறார், கேட்கும் தாதி இல்லை என்று விளங்கிக்கொள்வார். சிரிப்புக்கிடமானதுதான், ஆனால் அந்தச் சிரிப்பிலே ஓர் உயிர் தொங்கலாம். இன்னும் ஆபத்தான சொல் மயக்கம். தலை சுற்றினாலும் மயக்கம், நினைவிழந்து விழுந்தாலும் மயக்கம். முறுக்குத் தாளத்தின் முதல் அடையாளம் நினைவிழந்து விழுவதே. ஆகவே மொழிபெயர்ப்பவர், "விழுந்தவரா? கூப்பிட்டபோது பதில் சொன்னவரா? எத்தனை நிமிடம்?" என்று நோயாளியைத் திரும்பக் கேட்டு, அதன்பின்பே ஆங்கிலத்திற் சொல்லவேண்டும். நெஞ்செரிவு, நெஞ்சடைப்பு, நெஞ்சு நோ என்பனவும் அவ்வாறே வேறு வேறு.

எம் பள்ளி மாணவருட் பலர் இந்த மொழிபெயர்ப்பு வேலையைச் செய்தவர்கள் என்பதை அறிவோம். உண்மையிற் பிள்ளைகளை இதற்குப் பயன்படுத்தல் ஆகாது. தேசிய சுகாதார சேவை மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி, தொலைபேசியிலாவது ஏற்பாடு செய்யவேண்டும், நாமும் கேட்டுப் பெறவேண்டும். ஆனால் 999க்கு அழைத்து அம்புலன்ஸ் வந்து நிற்கும் அந்தப் பத்து நிமிடத்திலே வீட்டிலுள்ள பிள்ளைதான் வாய். குடும்பத்தில் இளவயதிலே திடீரென இறந்தவர் உண்டா என்று கேட்டால் மறையாது சொல்லவும் வேண்டும், பிறவியிலேயே கியூ.ரி. நீண்ட குடும்பங்கள் உண்டு. "மாமா நித்திரையிலே போய்விட்டார்" என்பது ஊர்க்கதையன்று, மருத்துவத் தகவல்.

இவற்றையெல்லாம் படித்து வலிநிவாரணிக்கே அஞ்சிவிடாதீர்கள். நோவைத் தாங்குவதே வீரம் என்று நினைக்கும் முதியோர் எம்மிடையே பலர். அதற்குக் காரணமும் உண்டு. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் வன்னியிலே மயக்க மருந்தும் வலிநிவாரணியும் போதாமற் சத்திரசிகிச்சைகள் நடந்தன. அதனைக் கண்டவர்களும் அனுபவித்தவர்களும் இன்று டூட்டிங்கிலே எம் அயலில் வாழ்கின்றனர். "அப்போது ஒன்றுமில்லாமல் இருந்தோம், இப்போது எதற்கு ஊசி?" என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தணியாத நோ அதிரினலைப் பெருக்கி இதயத்தை விரட்டும். அதுவும் தாளத்தைக் கெடுப்பதே. அளவோடு கொடுத்த மோர்பின் அந்த விரட்டலை நிறுத்தும். வேண்டாமென்று மறுப்பவருக்கு இதைத் தமிழிற் சொல்ல ஒருவர் அருகில் இருந்தாற் போதும், பெரும்பாலும் கையை நீட்டுவர்.

தொடக்கத்திற் கேட்ட கம்பிகளின் கதை இனி விளங்கும். அம்புலன்சிலே வந்தவர்கள் வீட்டிலேயே முதல் ஈ.சீ.ஜி.யை எடுத்திருப்பர். ஊசி போட்டபின் தாதி மறுபடியும் ஒன்று எடுப்பார். இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஊசியின் அகலத்தையும் மேடு முடியுமிடத்தையும் ஒப்பிடுவர். முதற் தாளில் பதினொரு சதுரமாயிருந்தது இரண்டாவதிலும், நாடி மாறாதிருக்கையில், பதினொரு சதுரமாகவே இருந்தால் கம்பிகளைக் கழற்றலாம். பன்னிரண்டரை ஆனால் கட்டிலைத் திரைக்கு இன்னும் அருகே தள்ளிவிட்டு, பைக்குள் என்னென்ன குளிசை இருக்கின்றன என்று மறுபடியும் கேட்பர். அப்போது பையைக் கவிழ்த்து மேசையிற் கொட்டிவிடுங்கள். பெயர் அழிந்துபோன அட்டைகளையும் சேர்த்து.